முருகையன் பேரில் ஒரு வேலி நிலம்

கட்டுரை எழுதும் அளவுக்கு நான் படித்தவன் இல்லை. பத்தாவதோடு சரி. தாலுகா அலுவலகத்துக்கு எதிரே புளிய மரத்தடியில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்துப் பிழைக்கிறேன். மனுவில் நடந்ததை வரிசையாகச் சொல்லி, கடைசியில் 'ஆவன செய்யும்படி வேண்டுகிறேன்' என்று போட்டுவிட்டால் வேலை முடிந்தது. என் சொந்தக் கதையை நாலு பேர் படிக்கும் மலரில் எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால் பதில் இல்லை. நாலு பேர் சேர்ந்து என்னைப் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும் சுபாவம் எனக்கு. பிழை இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எழுதும்படி ஆனதற்குக் காரணம் அலுவலகத்து இளைஞர்கள். ஊழியர் சங்கத்து ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு மரத்தடிக்கு வந்தார்கள்.

"சார், நீங்க ஒரு காலத்துல இங்கயே ஆர்.ஐ.யா இருந்தீங்களாமே! வேலையை விட்டுட்டு எலெக்‌ஷன்ல நின்னு டெபாசிட் போச்சாம். அதை எழுதுங்க சார், தமாஷா இருக்கும்."

தமாஷ் என்ற சொல் எனக்குச் சுருக்கென்றது. போகிற போக்கில் இன்னொருவர், "இந்த வருஷத்துலேர்ந்து தமுக்கு கிடையாது சார். ஆட்டோவுல ஒலிபெருக்கி கட்டி வரி பாக்கியைச் சொல்லப் போறோம். எல்லாத் தெருவுலயும் ஒரே சத்தம், பாரபட்சமே இருக்காது" என்றார். பாரபட்சம் தமுக்கில் இருந்ததாக அந்தப் பிள்ளை நினைத்துக்கொண்டிருக்கிறார். அன்று இரவே எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன்.

நான் வேலையில் சேர்ந்ததும், சங்கிலி பிடித்து நிலம் அளக்கப் பழகியதும், இலாகாப் பரீட்சையில் தேறியதும் எல்லாருக்கும் நடப்பதுதான். அதைச் சொல்லி உங்கள் பொழுதைக் கெடுக்க மாட்டேன். மன்னார்குடிக்குக் கிழக்கே ஒரு பிர்க்காவுக்கு வருவாய் ஆய்வாளராக, அதாவது ஆர்.ஐ.யாகப் போனபோது எனக்கு முப்பது தாண்டியிருந்தது. பிர்க்கா என்றால் பல கிராமங்கள் சேர்ந்த ஒரு வட்டம். அந்த வட்டத்தில் கிஸ்தி, அதாவது நிலவரி, பாக்கி நின்றால் கேள்வி என்னைத் தேடித்தான் வரும்.

பழைய பாக்கி வசூல் மார்கழிக் கடைசியில் சூடு பிடிக்கும். சம்பாக் கதிர் முற்றித் தலை சாய்ந்திருக்கும் நேரம். நெல் களத்தை விட்டுப் போவதற்குள் ஆளைப் பிடித்துவிட வேண்டும் என்பது கணக்கு. அதற்கு ஒரு முறை உண்டு. முதலில் அறிவிப்புச் சீட்டு. அடுத்தது தமுக்கு, பாக்கிதாரர் வாசலில் நின்று பறை தட்டி, அவர் பெயர், நிலம், பாக்கி மூன்றையும் ஊர் கேட்கச் சொல்ல வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் ஜப்தி, பிறகு ஏலம். தாலியைத் தொடக் கூடாது. ஏர் மாட்டைத் தொடக் கூடாது. நிலத்தின் கிஸ்திக்கு அந்த நிலத்தில் நிற்கிற பயிர்தான் முதல் பொறுப்பு. இவ்வளவும் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த பாடம்.

நடைமுறை வேறாக இருந்தது. சின்னக் குடியானவன் வீட்டில் தமுக்கு வாசற்படியில் அதிரும். உள்ளே குழந்தை வீறிட்டு அழும். பெண்பிள்ளைகள் முகத்தை மூடிக்கொண்டு கொல்லைப் பக்கம் போவார்கள். பெரிய மிராசுதார் பெயர் வந்தால் அதே தமுக்கு தெருமுனையோடு நின்றுவிடும். எங்கள் தமுக்குக்காரர் சின்னப்பன் ஊருக்கு வெளியே குளத்தங்கரைக்குப் போய், தண்ணீரைப் பார்த்து நாலு தட்டு தட்டி, பெயரைத் தொண்டைக்குள்ளேயே சொல்லிவிட்டுத் திரும்புவார். அலுவலகத்தில் அதற்குக் 'குளத்துத் தமுக்கு' என்று பெயரே உண்டு. 'முறைப்படி விளம்பரம் செய்யப்பட்டது' என்று கோப்பில் ஏறிவிடும்.

"யாருக்கு சின்னப்பா கேட்டிருக்கும்?" என்று ஒருநாள் அவரைக் கேட்டேன்.

"கொக்குக்கு விளங்கற மாதிரி சொல்லிட்டேங்க. அது பறந்து போயி பெரிய வீட்டுல சொல்லிடும்."

சிரித்தேன். அப்போது சிரிக்க முடிந்தது.

எங்கள் தாசில்தாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ஒருவரைக் கடிந்து பேசி நான் கேட்டதில்லை. கும்பகோணத்துக் கொழுந்து வெற்றிலையை ஈரத்துணியில் சுற்றி மேசை இழுப்பறையில் வைத்திருப்பார். நாம் ஒரு சிக்கலைக் கொண்டுபோய், "என்னங்கய்யா செய்யறது?" என்று நின்றால் இழுப்பறையைத் திறப்பார். ஒரு வெற்றிலையை எடுத்து இரண்டு பக்கமும் துடைப்பார். காம்பைக் கிள்ளுவார். முதுகு நரம்பை நகத்தால் உரிப்பார். சுண்ணாம்பை ஓரம் வரை ஒரே சீராகத் தடவுவார். மடித்து வாயில் போட்டுக்கொண்ட பிறகு பேச முடியாது அல்லவா? நாம் நின்றுகொண்டே இருப்போம். கடைசியில் மோவாயைத் தூக்கிக்கொண்டு, சாறு வழியாமல், "பார்த்துச் செய்ங்க தம்பி" என்பார். எந்தக் கேள்விக்கும் அதுதான் உத்தரவு. எழுத்தில் ஒரு வரி வராது. காரியம் நல்லபடி முடிந்தால் அவர் சொல்லிச் செய்தது. கெட்டால் நாம் பார்க்காமல் செய்தது.

ஒரு குடும்பம் இவ்வளவுக்கு மேல் நிலம் வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் வந்திருந்த காலம் அது. 'உபரி நிலம் உழைப்பவனுக்கே' என்று ஆளுங்கட்சிக்காரர்கள் சுவரெல்லாம் எழுதினார்கள். எங்கள் வட்டத்தில் அந்த எழுத்து பளிச்சென்று தெரிந்தது பெரிய பண்ணை வீட்டின் மதிலில்தான். பண்ணையாரின் அக்காள் மகன் கட்சியில் ஒன்றியப் பொறுப்பில் இருந்தார். கரை வேட்டி கட்டிக்கொண்டு மேடையில் ஏழைகளுக்காக அழுவார்.

அந்த மார்கழியில் என் கைக்கு வந்த ஜப்தி உத்தரவுகளில் ஒன்று 'வீரன் மகன் முருகையன், ஒரு வேலி நன்செய், நாலு வருடக் கிஸ்தி பாக்கி' என்றிருந்தது. ஒரு வேலி என்றால் ஆறே முக்கால் ஏக்கர் வரும். அக்ரகாரத்தை ஒட்டிய தெருவில் ஓட்டு வீடு இருக்கும் என்று நினைத்துக்கொண்டு கிராமக் கணக்கரோடு போனேன். அவர் என்னைச் சேரிக்குக் கூட்டிப் போய் ஒரு கீற்றுக் குடிசையின் முன் நிறுத்தினார். வாசலில் ஒரு செவலைப் பசு கட்டியிருந்தது.

சின்னப்பன் தமுக்கைத் தட்டி ஆரம்பித்தார். "ஊர் சனங்களுக்குத் தெரிவிக்கிறது என்னன்னா, வீரன் மகன் முருகையன், பட்டாதாரர், ஒரு வேலி நஞ்சைக்கு..." பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "ஐயா, பேரு சரிதானுங்களா? இவன் என் பங்காளிங்க. ஒரு வேலி வேண்டாம், ஒரு குழி இவனுக்கு இருந்தா எனக்குத் தெரியாமப் போவுமா?"

பெயர் சரிதான். தகப்பன் பெயரும் சரிதான். கூடி நின்றவர்கள் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"டேய் முருகையா, மிராசு ஆயிட்டே, சொல்லவே இல்லையேடா!"

"மிராசுதார் ஐயா, நாளைக்கு எங்களுக்கு அறுப்பு வேல உண்டுங்களா?"

முருகையனின் மனைவி பாக்கியம் குடிசைக்குள்ளிருந்து வெளியே வந்தார். "மாத்திக் கட்ட எனக்கு ஒரு சீலை கிடையாது. ஒரு வேலி நிலமாம்ல, ஒரு வேலி! எந்தச் சிறுக்கிக்கு எழுதி வெச்சியோ அதை?"

முருகையனுக்கு நாற்பது வயது இருக்கும். இடுப்பில் ஒரு துண்டு. என் அருகே வந்து மெதுவாகக் கேட்டார்.

"எங்கங்க இருக்கு அது?"

"எதுப்பா?"

"என் நிலம்."

கணக்கர் என் காதோரம், "மாட்டைப் பிடிச்சுக்கிட்டுக் கிளம்புவோம் சார். கறவை மாடுதான், ஏர் மாடு இல்ல. பிடிக்கலாம். பெரிய விஷயம், நமக்கு எதுக்கு?" என்றார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நான் நிலத்தைப் பார்க்க வேண்டும் என்றேன். முருகையனும் கூடவே வந்தார்.

வாய்க்கால் தாண்டி, மதகு தாண்டி, கணக்கர் கையை நீட்டினார். சம்பா நல்ல விளைச்சல். ஒரே மட்டமாகப் பொன் நிறத்தில் சாய்ந்து கிடந்தது. முருகையன் வரப்பில் நின்று திருதிருவென்று விழித்தார்.

"இதுங்களா? இது பண்ணையோட பெரிய மதகு வயலுங்க. நான்தானே இதுல வரப்பு அண்டை வெட்டறேன். முந்தாநாளு தண்ணிய வடிச்சு விட்டதும் நான்தானுங்க."

பிறகு அவருக்கே ஞாபகம் வந்தது. சில வருடங்களுக்கு முன் பண்ணையாட்கள் பத்துப் பன்னிரண்டு பேரை வண்டி கட்டிப் பதிவு அலுவலகத்துக்கு அழைத்துப் போனார்களாம். "பண்ணைக்கு விசுவாசமா இருக்கறதுக்குப் பதிவுன்னாங்க. கட்டை விரல உருட்டினாங்க. கிளப்புக் கடையில ஆளுக்கு ரெண்டு வடை. விரல்ல மை போவல. வைக்கோலப் போட்டுத் தேச்சேன்."

இதுதான் விஷயம். சட்டத்துக்குப் பயந்து நிலத்தைப் பண்ணையாட்கள் பேரில் எழுதிவிட்டார்கள். விளைச்சல் பண்ணைக் களத்துக்குப் போனது. கிஸ்தி பாக்கி மட்டும் முருகையன் குடிசைக்கு வந்தது. பண்ணை ஏன் கட்டவில்லை? தேர்தல் வந்தால் தள்ளுபடி வரும் என்று பெரிய வீடுகள் எல்லாமே கட்டாமல்தான் இருந்தன. கொக்குக்குச் சொல்லும் தமுக்கு அவர்களை என்ன செய்யும்?

நான் மாட்டைப் பிடிக்கவில்லை. பயிரை ஜப்தி செய்தேன். ஜப்தியான வயலில் நாலு மூலையிலும் வேப்பங்கொத்து கட்டிய கழியை நடுவது எங்கள் பக்கத்து வழக்கம். நட்ட பிறகு யாரும் அரிவாளோடு இறங்கக் கூடாது. சின்னப்பன் கழி வெட்டிக் கொடுத்தார். நான் நட்டேன்.

சாயங்காலத்துக்குள் பண்ணைக் காரியக்காரர் நடேசன் சைக்கிளில் வந்து சேர்ந்தார்.

"என்னங்க ஆர்.ஐ. சார், நம்ம வயல்ல வேப்பங்கொத்து? மாரியாத்தா இறங்கிட்டாளா?"

"முருகையன் வயல்ல கிஸ்தி பாக்கிங்க. பயிரை ஜப்தி பண்ணியிருக்கேன்."

"முருகையன் வயலா!" என்று அவர் வாய்விட்டுச் சிரித்தார். வாய் திறந்தபடியே சிரிப்பு நின்றது. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் தாசில்தார் அறைக்குக் கூப்பிட்டார்கள். பண்ணையாரும் கரை வேட்டி மருமகனும் உட்கார்ந்திருந்தார்கள்.

"அது என் பயிர்யா. எவனைக் கேட்டு ஜப்தி பண்ணினே?" என்றார் பண்ணையார்.

இத்தனை வருடத்தில் நான் எதிர்த்துப் பேசிய ஒரே வார்த்தை அன்று எப்படியோ வெளியே வந்தது. "ஐயாவோட பயிர்னா ஒரு வரி எழுதிக் கொடுங்க. நிலம் என்னுது, முருகையன் பேர்ல வெச்சிருக்கேன்னு. இப்பவே போயி கொத்தைப் பிடுங்கிடறேன்."

எழுதிக் கொடுத்தால் நிலம் சர்க்காருக்குப் போய்விடும். பண்ணையார் மேல்துண்டை எடுத்து இன்னொரு தோளில் போட்டுக்கொண்டார். மருமகன் மட்டும் எழுந்து, "எங்க ஆட்சியில எங்க மாமாகிட்ட எழுதிக் கேக்கறியா நீ?" என்றார். தாசில்தார் வெற்றிலை நரம்பை உரித்துக்கொண்டிருந்தார். மடித்துப் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல், "பார்த்துச் செய்ங்க" என்றார். வழக்கமாகச் சொல்லும் 'தம்பி' அன்று இல்லை. எனக்குச் சொல்லவில்லை, அவர்களுக்குச் சொல்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

பொங்கலுக்கு முன் பட்டப்பகலில் வெளியூர் ஆட்களை இறக்கி வயலை அறுத்தார்கள். வரப்பில் இரண்டு போலீஸ்காரர்கள் நின்றார்கள். வேப்பங்கொத்து வாய்க்காலில் மிதந்து போனது. கதிரெல்லாம் பண்ணைக் களத்தில் மலை மாதிரி குவிந்திருந்ததைச் சாலையில் போகிற பஸ்ஸிலிருந்தே பார்க்கலாம்.

அதற்கப்புறம் ஒருநாள் தாசில்தார் ஒரு தட்டச்சுக் காகிதத்தை என் முன் நகர்த்தினார். போலீசுக்குப் புகார். ஜப்தி செய்த பயிரைப் பட்டாதாரர் முருகையன் திருட்டுத்தனமாக அறுத்து அப்புறப்படுத்திவிட்டார் என்று எழுதியிருந்தது. கீழே என் பெயர். கையெழுத்துதான் பாக்கி. விசாரணை என்று வரச் சொல்லியிருந்த முருகையன் கதவுக்கு வெளியே கைகட்டி நின்றுகொண்டிருந்தார்.

"ஐயா, நெல்லு எந்தக் களத்துல கிடக்குன்னு ஊருக்கே தெரியும்" என்றேன்.

"களம் யாருதுங்கறது நமக்கு எதுக்கு தம்பி? ஜப்தி ஆனது யார் பயிர்? நீங்களே எழுதியிருக்கீங்க, முருகையன் பயிர்னு. அது காணோம். அப்ப அவனைத்தானே கேக்கணும்?" என்னிடம் அவர் இவ்வளவு நீளமாகப் பேசியது அன்றுதான். பிறகு பேனாவின் மூடியைத் திறந்து என் பக்கம் வைத்தார். "பார்த்துச் செய்ங்க."

அந்தப் பேனாவிலேயே ராஜினாமாவை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். வெளியே முருகையன், "என்னங்க சொன்னாங்க?" என்று கேட்டார். சொன்னேன். "நான் அறுக்கலைங்களே. அன்னிக்கு என்னைய வயலுக்குள்ளயே விடலைங்களே" என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். புகாரில் வேறொருவர் கையெழுத்துப் போட்டார். முருகையன் சிறைக்குப் போனார். கிஸ்தி பாக்கிக்குச் செவலைப் பசுவை ஏலம் விட்டார்கள். ஏலத்தில் எடுத்தவர் காரியக்காரர் நடேசன். பெரிய வீட்டுக் குழந்தைகளுக்குப் பால் வேண்டும் என்று எடுத்தாராம்.

அடுத்து வந்த சட்டசபைத் தேர்தலில் அந்த மருமகனே வேட்பாளர். குத்தகைக்காரர்கள் சிலரும் விவசாயத் தொழிலாளிகளும் வந்து நான் நிற்க வேண்டும் என்றார்கள். எனக்குப் பேச வராது என்றேன். "பேசறவங்களைத்தான் இத்தனை நாளாப் பார்த்துட்டமே" என்றார்கள். சிறையிலிருந்து வந்திருந்த முருகையன் ஒன்றே ஒன்று சொன்னார். "என் பேர்ல இருக்கற நிலம் எனக்கு வரணும். இல்லேன்னா என் பேரு அதுலேர்ந்து போவணும். ரெண்டுல ஒண்ணு யாராவது பண்ணிக் குடுங்க. அதுக்கு மேல ஒண்ணும் வேணாம்." சுயேச்சையாக மனுப் போட்டேன்.

எனக்கு ஒதுக்கிய சின்னம் பூட்டு. இத்தனை வருடம் பிறர் வீட்டைப் பூட்டி முத்திரை வைத்த இலாகாக்காரனுக்குப் பூட்டு. எதிராளிக்கு வேறென்ன வேண்டும்? "உங்க மாட்டைப் பிடிச்சவன், இப்ப பூட்டோட வர்றான், கதவைச் சாத்துங்க" என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே போனார்கள்.

ஒலிபெருக்கி இல்லாவிட்டாலும் அதுதான் நடந்திருக்கும். ஓட்டுக் கேட்டு நான் தெருவில் நுழைந்தால் கொல்லை வழியாக மாடுகளை ஓட்டினார்கள். அண்டாவையும் குடத்தையும் வைக்கோல் போருக்குள் செருகினார்கள். என் முகத்தை வாசலில் கண்டால் அவர்களுக்கு வேறு எதுவும் தோன்றாது. நான் கைகூப்பி நிற்பேன். உள்ளிருந்து ஒரு அம்மாள், "குறுவை அறுத்ததும் கட்டிடறோங்க ஐயா, ஒரு தவணை குடுங்க" என்பார்.

"வரிக்கு வரலைம்மா. ஓட்டுக்கு வந்திருக்கேன்."

"அதையும் குறுவைக்கு அப்புறம் வாங்கிக்கங்க."

அவர்களைக் குறை சொல்லமாட்டேன். பெரிய வீட்டுக்காரனுக்கு அவர்கள் வாசலில் வந்து நிற்க அவசியமே இருந்ததில்லை. தமுக்கோடு வந்து நின்றது நான். ஆகவே பயமும் வெறுப்பும் என் முகத்தோடு ஒட்டிக்கொண்டன. வரி கட்டாதவன், சட்டத்தை ஏய்த்தவன், பயிரை அறுத்தவன் அவர்களுக்கு நல்லவனாக இருந்தான். இதில் எங்கே தமாஷ் இருக்கிறது என்று அந்தத் தம்பிகள் சொல்லட்டும்.

மதகடியில் ஒரே ஒரு கூட்டம் போட்டோம். பெட்ரோமாக்ஸ் விளக்கு, ஒரு பெஞ்சு. நான் ஏறி "பெரியோர்களே" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. முருகையன் பெஞ்சில் ஏறி என் பக்கத்தில் நின்றார்.

"எல்லாருக்கும் கும்பிடு. இந்தா தெரியுதே பெரிய மதகு வயலு, அது என்னுதுங்க. சர்க்காரு சொல்லுது. அதுல விளைஞ்ச நெல்ல நானே திருடிட்டேன்னும் சர்க்காரு சொல்லுது. அதுக்கு நான் உள்ள இருந்துட்டு வந்தேன். என் வீட்டுல ஒரு படி நெல்லு கிடையாது. மிராசுதாரு பேசறேன், இந்த ஐயாவுக்கு ஓட்டுப் போடுங்க."

கூட்டம் சிரித்தது. விழுந்து விழுந்து சிரித்தது. "மிராசு, இன்னொருக்கா சொல்லு!" என்று கத்தினார்கள். அவர் சிரிக்க வைப்பதற்காகச் சொல்லவில்லை. சிரிப்பு அடங்கட்டும் என்று அப்படியே நின்றார். அடங்குவதாக இல்லை. சின்னப்பன் மட்டும் சிரிக்காமல் தமுக்கைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்திருந்தார்.

ஆனி மாதம் ஓட்டு எண்ணினார்கள். மருமகன் ஜெயித்தார். எனக்கு டெபாசிட் போயிற்று. தாசில்தார் வாசல் வரை வந்து புது எம்.எல்.ஏ.வுக்கு மாலை போட்டார். பண்ணை வீட்டு மதிலில் பழைய எழுத்துக்கு மேல் புதுச் சுண்ணாம்பு அடித்து, 'உபரி நிலம் உழைப்பவனுக்கே' என்று திரும்பவும் எழுதினார்கள்.

முருகையனின் கட்டை விரல் இன்னும் பல காகிதங்களுக்குத் தேவைப்பட்டதால் பண்ணையில் அவரை விட்டுவிட மனமில்லை. அன்று சாயங்காலமே நடேசன் அவரை வேலைக்குக் கூப்பிட்டு ஆள் அனுப்பினார்.

மறுநாள் பெரிய மதகு வயலில் நடவு. பண்ணையில் போர்செட் இருந்ததால் ஊருக்கு முந்தி நட்டார்கள். முருகையன் நாற்றுக்கட்டு சுமந்தார். கூலி வழக்கமான கூலிதான். நிலம் அவர் பெயரில்தான் இருந்தது.